மணமகளின் கையொப்பம்

அட்டன் கடைவீதியில் முஸ்லிம் வணிகர் குடும்பங்களும் தோட்டத்து மக்களும் தலைமுறைகளாகக் கொடுக்கல் வாங்கல் செய்து பழகியவர்கள். அவர்தம் பெண்பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படிப்பதும் உண்டு. விவாகம் என்று வரும்போதுதான் சட்டம் வேறாகின்றது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மஹருக்கு இடமளித்தது, கைக்கூலிக்கும் இடமளித்தது. மணமகளின் கையொப்பத்தை மட்டும் அது கேட்கவில்லை. ‘வலி’யாகிய தந்தையோ நெருங்கிய ஆண் உறவினரோ அவளுக்காக ஒப்பமிட்டார். காதியார் அனுமதித்தால் 12 வயது நிரம்பாத சிறுமியின் விவாகத்தையும் பதியலாம் என்றது அது. 1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனபோதும் இந்த ஏற்பாட்டை எவரும் தொடவில்லை. காதியார் பதவியோ ஆண்களுக்கே உரியதாயிற்று.

இதனை எதிர்த்து எழுந்தவர்கள் வெளியார் அல்லர். 1980களிலிருந்தே முஸ்லிம் பெண்கள் கேள்வி எழுப்பினர். மணப்பெண்ணின் சம்மதத்தை வேண்டும் நபிமொழியையே சான்றாகக் காட்டினர். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை தந்தது. அதுவும் இரு கூறாகப் பிரிந்து!

இந்துக்களாகிய நாம் ஏளனம் பேச இடமில்லை. மனைவி பறித்த கொழுந்துக்கான சம்பளத்தைக் கணவன் கைநாட்டு வைத்து வாங்கிச் சென்றதை நமது தோட்டத்துத் தாய்மார் இன்னும் மறக்கவில்லை.