கைவலி என்னும் சொல்லும் நோய்க்குறியீட்டு ஏடும்

செமிலிங் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லெச்சங்களும் சுங்கை பத்துவின் பழைய இரும்பு உலைகளுமே. இவ்வூருக்கு அண்மைக்கால வரலாறு ஒன்றும் உண்டு. பீடோங், மெர்போக், சுங்கைப்பட்டாணி என விரியும் இப்பகுதியின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் கைகளின் வரலாறு அது. அவ்வரலாற்றின் ஒரு சிறு கூறாகிய மணிக்கட்டு வலி, மருத்துவ ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றது, எவ்வாறு இடம்பெறாமல் போயிற்று என்பதே இவ்வுரையில் நாம் ஆராயும் பொருள். மருத்துவம் சார்ந்ததாகத் தோன்றினும், அடிப்படையில் இது சொற்பொருள் பற்றிய சிக்கலே.

முதலில் உறுப்பின் பெயரைக் காண்போம். மணிக்கட்டு என்னும் சொல், மணி கோத்துக் கட்டும் இடம் என்று பொருள் தருவது. மலாய் மொழியில் அதற்குப் பெர்கெலாங்ஙான் தாஙான் என்று பெயர். கெலாங் என்பது வளையல். ஆகவே வளையல் அணியும் இடம் என்பதே அதன் பொருளும். ஆங்கிலத்தின் ரிஸ்ட் என்னும் சொல்லோ முறுக்குதல், திருகுதல் என்னும் கருத்தில் பிறந்தது. இரு மொழிகள் அணிகலனால் சுட்டிய உறுப்பை மூன்றாவது மொழி அதன் தொழிலால் சுட்டியிருக்கிறது.

ஆயினும் அன்றாடப் பேச்சில் நம் மக்கள் மணிக்கட்டு என்று பிரித்துச் சொல்வது குறைவு. தோள் தொடங்கி விரல்நுனி வரை அனைத்தும் கையே. இடம் சுட்டுவதில் இவ்வாறு அகன்று நிற்கும் தமிழ், வலியின் தன்மையைச் சுட்டுவதில் மிக நுட்பமானது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, சுளுக்கு, மரத்துப்போதல் ஆகியவை ஒன்றற்கொன்று ஈடாகா. விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு 400, 500 மரங்களின் பட்டையைச் சாய்வாகச் சீவும் பால்வெட்டுத் தொழிலாளி, ஒவ்வொரு வெட்டிலும் மணிக்கட்டை வளைத்துத் திருப்ப வேண்டும். அவர் ‘சோத்துக்கை குடையுது’ என்று சொல்லும்போது அதில் பக்கமும் தன்மையும் அடங்கியுள்ளன. அதுவே ‘சாக்கிட் தாஙான்’ என்று மலாயில் பெயர்க்கப்படுங்கால், எஞ்சுவது கையும் வலியும் மட்டுமே.

இனி ஏட்டின் வரலாற்றுக்கு வருவோம். ஒரே நோய் பல பெயர்களாலும், பல நோய்கள் ஒரே பெயராலும் பதியப்படும் குழப்பத்தை இங்கிலாந்தின் வில்லியம் ஃபார் 1839ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகம், ஜாக் பெர்டியோன் வகுத்த பட்டியலை ஏற்றது. அது இறப்புக் காரணங்களின் பட்டியல். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வெளிவந்த ஆறாம் திருத்தமே, உயிரைக் கொல்லாத நோய்களையும் உள்ளடக்கிய பொதுவகைப்பாடாக அமைந்தது.

இவ்வாண்டு நமக்கு முதன்மையானது. மலாயாத் தோட்டங்களில் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய காலம் இதற்கு முற்பட்டது. அக்காலத் தோட்டச் சுகாதார அறிக்கைகளின் கவலையெல்லாம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, இறப்பு விகிதம் என்பனவே. மணிக்கட்டு வலி எவரையும் கொல்வதில்லை. ஆதலால் எண்ணுவோர் கண்ணில் அது படவில்லை. தோட்டத்து டிரசர் தைலமோ கட்டோ கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வலியைத் தொகுத்துப் பார்ப்பதற்கான தலைப்பே வகைப்பாட்டில் இல்லாத காலம் அது.

இன்று தலைப்புகள் பல உள்ளன. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் மூட்டு வலிக்கு எம் 25.5 என்பது குறியீடு. இடத்தைச் சுட்ட விரும்பினால் ஓர் இலக்கம் கூட்டலாம்; அதில் 3 என்பது முன்கையின் இரு எலும்புகளையும் மணிக்கட்டு மூட்டையும் சேர்த்துக் குறிக்கும். அமெரிக்கா தனக்கென விரித்துக்கொண்ட பதிப்பிலோ எம் 25.531 வலமணிக்கட்டு வலி, எம் 25.532 இடமணிக்கட்டு வலி. கைவலி என்று மட்டும் எழுதினால் அது எம் 79.6 என்னும் பொதுவான அவயவ வலியாகிவிடும். விரல்கள் மரத்துப்போகின்றன என்ற சொல், ஆய்வுக்குப் பின், மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிபடும் ஜி 56.0 என்ற முடிவுக்கு இட்டுச்செல்லலாம். கட்டைவிரல் பக்கத்துக் கடுப்பு, சுவிட்சர்லாந்தின் டி கெர்வேன் 1895இல் விளக்கிய தசைநாண் உறையழற்சியாக, எம் 65.4 ஆகலாம். சுளுக்கு எஸ் 63.5. எனவே கைவலி என்னும் ஒரே முறையீடு, கேட்பவரின் செவிநுட்பத்தைப் பொறுத்து, நரம்பு, மூட்டுத்தசை, காயம் என மூன்று வெவ்வேறு இயல்களில் சென்று சேரக்கூடும்.

இதனால் விளைவது என்ன? வலி என்பது அறிகுறி. நோய் உறுதியானால் அந்நோயின் குறியீடே முதன்மை பெற வேண்டும். அறிகுறியோடு ஏடு நின்றுவிட்டால் மருத்துவமும் அங்கேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. உரிமையும் இதில் அடங்கியுள்ளது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தொழில்சார் நோய்களை வரையறுக்கிறது. சொக்சோவிடம் இழப்பீடு கோருபவருக்கு, நோய் இன்னதென்பதோடு அது தொழிலால் வந்ததென்பதும் நிலைநாட்டப்பட வேண்டும். பத்தாம் திருத்தத்தில் இதற்கும் வழி உண்டு: எம் 70 தொழிலால் விளையும் மென்திசு நோய்களை உள்ளடக்குகிறது; ஒய் 96 தொழில்தொடர்பைச் சுட்டும் துணைக்குறியீடு. ஆனால் என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கை என்று எவரும் கேட்டு எழுதாத இடத்தில் இக்குறியீடுகளுக்கு வேலையில்லை. நோயாளியிடம் அவர் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமத்சீனி 1700இலேயே வலியுறுத்தினார்.

2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று செமிலிங்கில் மருத்துவம் கற்பிக்கிறது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடம்விட்ட பின்னும், அங்கு மரம் வெட்டிய முதியோர் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவர்களின் மொழியை மருத்துவ ஏட்டுக்குக் கொண்டுசேர்ப்பது மொழியறிஞரும் மருத்துவரும் கூடிச் செய்ய வேண்டிய பணி. தமிழ் வலிச்சொற்களை வட்டார வழக்கோடு தொகுத்து, மலாய் விளக்கமும் அவை சுட்டக்கூடிய நோய்வகையும் அருகே தரும் கையேடு ஒன்று நமக்குத் தேவை. குடைச்சல் என்று நோயாளி சொன்னால், குறியீடு எதுவாயினும், அச்சொல்லையும் ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வேண்டும். குறியீட்டைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாத சொல்லை மீட்க வழியில்லை.