பிரேக் கம்பி கடலுக்குப் போன கதை

சைக்கிள் ஹேண்டில்பாரிலிருந்து பிரேக்குக்கு ஒரு கறுப்பு ஒயர் போகுமே, பார்த்திருப்பீர்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே சமாச்சாரம்தான். வெளியே ஒரு உறை, உள்ளே நகரும் கம்பி. இதற்கு பௌடன் கேபிள் என்று பெயர். 1896-ல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன், அயர்லாந்துக்காரர். ராலே சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்த சர் ஃபிராங்க் பௌடன்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தப்பு. ராலே இந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த உரிமம் வாங்கிய கம்பெனி, அவ்வளவுதான். பேர் ஒன்றாக இருந்ததும், கையில் பெரிய கம்பெனி இருந்ததும் போதும், புகழ் அந்தப் பக்கம் போய்விட்டது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை :)

சரி, இந்தக் கம்பி படகுக்கு எப்படிப் போனது?

படகின் பின்பக்கப் பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் என்றாலே நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் பேரைத்தான் சொல்வார்கள். (ஐஸ்கிரீம் உருகிய கதை நெட்டில் நிறையவே கிடக்கிறது, இங்கே வேண்டாம்.) அவருக்கு முன்பே டெட்ராய்ட்டில் கேமரூன் வாட்டர்மேன் இந்த மாதிரி மோட்டாரை விற்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் 1909-ல் மில்வாக்கியில் எவின்ரூட் விற்ற ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார்தான் ஊரெல்லாம் பரவியது. அதற்கு மனைவி பெஸ் முக்கியக் காரணம். விளம்பரம், கடிதப் போக்குவரத்து, வியாபாரம் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார்.

அந்த மோட்டாரில் கியர் கிடையாது. இன்ஜின் ஓடினால் படகும் ஓடும். ஓட்டுபவர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே, படகின் கடைசியில், கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார வேண்டும். சத்தம், புகை, எண்ணெய் எல்லாம் அவருக்கு. முன்னால் நாலு பேர் உட்கார்ந்தால் வழி தெரியாது. 1920-களில் பந்தயப் படகுக்காரர்கள் முன்பக்கம் ஒரு ஸ்டீரிங் வைத்து, கப்பிகள் வழியாகக் கயிறு இழுத்து மோட்டாரைத் திருப்பினார்கள். கயிறு தொய்யும், கப்பியிலிருந்து நழுவும், சில சமயம் அறுந்தும் போகும்.

பௌடன் கேபிள்தான் ஏற்கெனவே இருந்ததே, அதைப் போட்டால் என்ன? சிக்கல் இதுதான். சைக்கிள் கம்பி இழுக்க மட்டும்தான் லாயக்கு. பிரேக்கை விட்டதும் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். மெல்லிய முறுக்குக் கம்பியைத் தள்ளிப் பாருங்கள், மடங்கிக்கொள்ளும். 1949-ல் ஜான்சன் கம்பெனி 10 குதிரைத்திறன் மோட்டாரில் முன், நடு, பின் என்று கியர் கொண்டுவந்தது. இதைத் தூரத்திலிருந்து மாற்ற வேண்டுமென்றால் ஒரே கம்பி இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்.

அதற்கான வழி விமானத்திலிருந்து வந்தது. டெலிஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1943-ல் ராணுவ விமானங்களுக்குத் தள்ளு-இழு கம்பிகள் செய்யத்தான் தொடங்கப்பட்டது. உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அது பல் மாதிரி ஆகிவிடும். பல்சக்கரத்தைச் சுற்றினால் கம்பி முன்னும் பின்னும் போகும். போருக்குப் பின் இதே யோசனை படகின் ஸ்டீரிங்குக்கு வந்தது. கியருக்கும் வேகத்துக்கும் இதைவிட எளிமையான தள்ளு-இழு கம்பிகள், ஆளுக்கு ஒன்று. முன்னால் ஒரே லீவர். முதலில் கியர் விழும், அப்புறம்தான் வேகம் ஏறும். எனக்கு இந்த ஒற்றை லீவர், பெரிய இன்ஜின்களைவிட முக்கியமான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. ஓட்டுபவரைப் பின்பலகையிலிருந்து விடுவித்தது இதுதானே.

ஆனால் ஒரு மோட்டார் மட்டும் இந்த விடுதலையில் பாதிதான் பெற்றது. பெரிய இன்ஜின் பக்கத்தில் உதவிக்கென்று ஒரு சின்ன மோட்டார் மாட்டுவார்கள். கிக்கர் என்று அழைப்பார்கள். அதில் பெரும்பாலும் கைப்பிடிதான். பெரிய இன்ஜின் நின்று, காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளும்போதுதான் அது தேவைப்படும். அப்போது ஒருவர் பின்னால் குனிந்து கைப்பிடியைப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் நின்று வழி சொல்லிக் கத்த வேண்டும். தனியாகப் போனவர் என்ன செய்வார்? அதனால்தான் சிரமப்பட்டாவது அதற்கும் கம்பி இழுக்கிறார்கள்.

சிரமம் என்றேனே, காரணம் இருக்கிறது. கிக்கர் திரும்பும், மேலே மடங்கும், பாய்மரப் படகுகளில் தாங்கியோடு சேர்ந்து ஏறி இறங்கவும் செய்யும். இவ்வளவுக்கும் கம்பியில் தளர்வு விட வேண்டும். தளர்வு விட்டால் வளைவு கூடும். வளைவு கூடினால் உராய்வு எகிறும், அதுவும் கூட்டு வட்டி மாதிரி. இந்தக் கணக்கு 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் போட்டது. உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளின் கூட்டுத்தொகை 180 டிகிரி என்றால் 37 சதவீதம் அதிக விசை வேண்டும். 360 என்றால் 87 சதவீதம். 540 என்றால் இரண்டரை மடங்கு. இடது வளைவும் வலது வளைவும் கழிந்துபோகாது, இரண்டும் கூட்டல்தான். அதனால் பெரிய வளைவாக, குறைந்த திருப்பங்களோடு கொண்டுபோக வேண்டும். உறையின் இரண்டு முனையையும் அசையாமல் பிடித்துக் கட்ட வேண்டும். உறை நகர்ந்தால் லீவர் அசையும், கியர் அசையாது.

இன்னொரு தொல்லை, கிக்கரை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. உறைக்குள் உப்புத்தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கரையில் இருக்கும்போதே லீவரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது ஒன்றுதான் சோதனை.

2000-களிலிருந்து பெரிய மோட்டார்களில் லீவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மின்சார ஒயர்தான் போகிறது. டெலிஃப்ளெக்ஸும் 2011-ல் படகுப் பிரிவை விற்றுவிட்டது, இப்போது அது கதீட்டர் மாதிரியான மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது. சின்ன மோட்டார்களுக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய கம்பியைத்தான், நீளம் அளந்து வாங்கி, வளைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.