ஆணையால் குற்றம் பிறக்குமா?

ஓர் அரசு, மக்களின் நலன் கருதி ஓர் ஆணையைப் பிறப்பிக்கிறது. நேற்றுவரை எந்தச் சட்டமும் தடுத்திராத ஒரு செயலை அந்த ஆணை தடை செய்கிறது. அதை மீறியவரைக் குற்றவாளி என்று தண்டிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 1610-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதிபதிகள் அளித்த விடை, அரசமைப்பு வரலாற்றின் அடித்தளங்களுள் ஒன்று. அந்த விடைக்குக் காரணமாக அமைந்தவை இரண்டு எளிய பொருள்கள்: லண்டன் நகரின் புதிய வீடுகளும், துணிக்குப் போடும் கஞ்சிமாவும்.

ஸ்காட்லாந்தின் மன்னராக இருந்த ஜேம்ஸ், எலிசபெத் அரசி வாரிசின்றி மறைந்ததால் 1603-இல் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். இரு நாடுகளையும் ஒன்றாக்கி 'கிரேட் பிரிட்டன்' எனப் பெயரிட விரும்பினார். நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவை தயங்கியது. உடனே 1604 அக்டோபரில் ஒரு பிரகடனத்தின் வாயிலாக அந்தப் பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார். ஆயினும், நீதிமன்ற நடவடிக்கைகளிலும் சட்ட ஆவணங்களிலும் அப்பட்டம் இடம்பெறாது என்று அதே பிரகடனம் விலக்களித்தது. பிரகடனத்தின் வலிமையும் வரம்பும் அதிலேயே வெளிப்பட்டன.

பிரகடனம் புதிய கருவி அன்று. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1539-இல், அரசரின் பிரகடனங்களுக்குச் சில வரம்புகளுடன் சட்டத்துக்கு நிகரான வலிமையை நாடாளுமன்றமே வழங்கியது. அவருடைய மறைவுக்குப் பிறகு 1547-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போனது, பிரகடனம் வெளியிடும் வழக்கம் மட்டும் நின்றது.

ஜேம்ஸின் பிரகடனங்களில் பலவற்றுக்குத் தக்க காரணம் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. அன்றைய லண்டன், ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம். கொள்ளைநோயும் தீயும் ஓயாத அச்சங்கள். எனவே, புதிய கட்டடங்கள் எழுப்பக் கூடாது. எழுப்பினால் முகப்பு செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்று அரசு கூறியது. செல்வர்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புப் பட்டைகளை விறைப்பாக நிறுத்தக் கஞ்சிமாவு தேவைப்பட்டது. மக்கள் உண்ண வேண்டிய கோதுமை ஆடம்பரத்துக்குச் செலவாகிறது என்று கருதிய அரசு, கோதுமையிலிருந்து கஞ்சிமாவு தயாரிப்பதைத் தடை செய்தது.

ஆனால், பொருளியல் மாணவர் எவரும் அறிந்த ஓர் உண்மை இங்கே குறுக்கிடுகிறது. தடை ஒன்று விதிக்கப்பட்டால், அதிலிருந்து விலக்குப் பெறுவதற்கு ஒரு விலை உருவாகிவிடும். அக்காலத்தில் உரிமங்களும் தனியுரிமைப் பட்டயங்களும் அரண்மனைக்கு வேண்டியவர்களின் கைக்குச் சென்றன. பொதுநலனுக்காகப் பிறந்த தடை, சிலருக்கு வருவாயாக மாறும் வழி திறந்தே இருந்தது.

1610-இல் மன்னரின் கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது. பழைய நிலவுடைமை உரிமைகள் சிலவற்றை மன்னர் விட்டுக்கொடுத்தால், ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பவுண்டு வழங்குவது என்ற 'பேரொப்பந்தம்' குறித்து அமைச்சர் சால்ஸ்பரி நாடாளுமன்றத்துடன் பேச்சு நடத்தினார். பணம் கேட்கும் மன்னரிடம் குறைகளைச் சொல்ல அதைவிடத் தக்க தருணம் ஏது? அந்த ஜூலையில் காமன்ஸ் அவை அளித்த விண்ணப்பத்தில், பிரகடனங்கள் மக்களின் உடைமையையும் பிழைப்பையும் தொடுகின்றன. அவை நாடாளுமன்றச் சட்டங்களைப் போலவே நூலாகத் தொகுத்து அச்சிடப்படுகின்றன. நாளடைவில் சட்டத்தின் இடத்தையே பிடித்துவிடும் என்ற அச்சம் பதிவாகியது.

நீதிபதிகளுடன் கலந்து முடிவு செய்வதாக மன்னர் கூறினார். செப்டம்பரில் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் அழைக்கப்பட்டார். பிரகடனங்களை மீறியவர்களை 'ஸ்டார் சேம்பர்' மன்றம் முன்பே தண்டித்திருக்கிறது என்று பிரான்சிஸ் பேக்கன் சுட்டிக்காட்டினார். எந்த முன்னுதாரணத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்றும், நீதிபதிகள் மன்னரின் அதிகாரத்தைத் தாங்க வேண்டும் என்றும் லார்டு சான்சலர் எல்லெஸ்மியர் வாதிட்டார். கோக் உடனே விடை கூறவில்லை. சக நீதிபதிகளுடன் கலந்தாலோசிக்க அவகாசம் கேட்டார்.

அவரும் வேறு மூன்று நீதிபதிகளும் கண்ட முடிவு தெளிவானது. முன்பு குற்றமாக இல்லாத ஒன்றைப் பிரகடனத்தால் குற்றமாக்க மன்னரால் இயலாது. நாட்டின் சட்டம் அளிக்கும் அதிகாரத்துக்கு மேல் மன்னருக்கு வேறு அதிகாரம் இல்லை. இருக்கும் சட்டத்தைக் கடைப்பிடிக்குமாறு மக்களை எச்சரிக்க மட்டும் பிரகடனம் பயன்படலாம்.

அந்த முடிவு ஒரே நாளில் நாட்டை மாற்றிவிடவில்லை. பேரொப்பந்தம் முறிந்தது, 1611-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அது கூடியது 1614-இல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மட்டுமே. 1616-இல் கோக் பதவியிழந்தார். சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றமே இன்றி ஆண்டபோது, லண்டன் கட்டடங்களுக்கான அபராதங்கள் கருவூலத்தை நிரப்ப உதவின. 1641-இல் ஸ்டார் சேம்பர் ஒழிக்கப்பட்ட பிறகே அந்த வழி அடைபட்டது. 1689-இல் உரிமைகள் சட்டம், நாடாளுமன்றத்தின் இசைவின்றிச் சட்டங்களை நிறுத்திவைப்பதும் வரி விதிப்பதும் செல்லாது என உறுதி செய்தது.

2019 செப்டம்பரில், நாடாளுமன்றக் கூட்டத்தை ஐந்து வாரங்களுக்கு முடக்குமாறு பிரதமர் அரசிக்கு அளித்த அறிவுரை செல்லாது என பிரிட்டனின் உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவர்கள் சுட்டிய முன்னுதாரணங்களுள் 1610-ஆம் ஆண்டின் அந்த முடிவும் ஒன்று.

ஜேம்ஸின் தடைகளுக்குப் பின்னே இருந்த நோக்கங்களை இன்றைய நகரமைப்பு வல்லுநரும் உணவுத் துறை அதிகாரியும் பாராட்டக்கூடும். நீதிபதிகளும் அந்த நோக்கங்களைக் குறை கூறவில்லை. நல்ல நோக்கம் உடைய ஆட்சியாளர், அதை மக்கள் பிரதிநிதிகளின் அவையில் எடுத்துரைத்துச் சட்டமாக்கட்டும் என்பதே அவர்கள் முடிவின் உட்பொருள். அவசரத்தையும் பொதுநலனையும் காரணம் காட்டி அவையைக் கடந்து செல்ல விரும்பும் எந்த அரசும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் அது.