பாண்டியர் இலாயத்தில் நெய்யும் வறுத்த வாற்கோதுமையும்

பாண்டியன் குதிரை வாங்கிய கதையை அறியாத தமிழர் இலர். மணிவாசகர் வரலாற்றில் திருப்பம் நேர்வதே குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொன்னால்தான். அதற்கும் முன்னர்ப் புகார்த் துறையில் கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. வாங்கிய கதை இருக்கட்டும். வாங்கிய குதிரைக்கு என்ன தீனி வைத்தார்கள், அது ஏன் இளைத்து மடிந்தது என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழருக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை என்பதே அவ்விரு வரிகளின் சாரம். இத்தீர்ப்பு எவ்வளவு நேர்மையானது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தீர்ப்புக்குச் சாட்சியர் இருவர். ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய நாட்டுக் கரையைக் கண்டவர். அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்றும் எழுதினார். சோற்றோடு வெந்த இறைச்சியைக் குதிரைக்கு ஊட்டினர் என்பதும் அவர் கூற்று. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். இவர் தமிழகம் வந்தவரல்லர். வணிகர் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதியவர். ஆனால் கணக்கில் கூர்மையானவர். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்துகொண்டதையும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்பதையும், வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்ததையும் குறித்து வைத்தார். செத்த குதிரைக்கும் விலை! வணிகர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தீனியைப் பற்றி வஸ்ஸாப் வியப்போடு சொல்வது இது: பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும் இட்டனர், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் கொடுத்தனர். புதிதாக வந்த குதிரைகளைக் கயிறும் முளையும் கொண்டு 40 நாள் கொட்டிலில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்தனர். பிறகு பழக்காமலே ஏறிச் சவாரி செய்தனர்.

இவற்றுள் எது பிழை, எது பிழையன்று? குதிரையின் வயிற்றைப் பார்த்தால் விளங்கும். மாடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிறு நூறு லிட்டரைத் தாண்டும். குதிரையின் இரைப்பையோ ஏறக்குறைய 15 லிட்டர்தான் கொள்ளும். தானியத்தின் மாவுப் பொருள் சிறுகுடலிலேயே செரிக்க வேண்டும். ஒரே வேளையில் மிகுதியாக இட்டால், செரியாத மாவு புல்லைப் புளிக்க வைக்கும் பின்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே அமிலம் பெருகி வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். மாவு மிகுந்த தீனி இரத்தச் சர்க்கரையை ஏற்றி இறக்குவதால் குதிரை மிரளவும் துள்ளவும் தொடங்கும். இளைத்த குதிரையைத் தேற்ற நினைப்பவன் தானியத்தை அள்ளிக் கொட்டுவான்; உடம்பு ஏறாது, வெறிதான் ஏறும்.

வறுத்த வாற்கோதுமையின் மாவோ பச்சைத் தானியத்தின் மாவைவிடச் சிறுகுடலில் எளிதாகச் செரிக்கும். வெண்ணெயும் மூடத்தனமன்று. கொழுப்பு, அதே எடையுள்ள மாவைவிட இருமடங்குக்கு மேல் ஆற்றல் தருவது. இரத்தச் சர்க்கரையையும் கிளப்பாது. 1996இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வொன்றில், தீனியில் கொழுப்புச் சேர்த்த குதிரைகள் திடீர் ஓசைக்கும் காட்சிக்கும் குறைவாகவே மிரண்டன. ஆகவே வஸ்ஸாப் எதைக் கண்டு வியந்தாரோ அதில்தான் நம்மவர் அறிவு இருந்தது என்பேன். பாலுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்; வளர்ந்த குதிரைக்குப் பால் சரியாகச் செரிக்காது. புல் தின்னும் பிராணிக்கு இறைச்சியும் ஏற்றதன்று.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்னும் பழமொழியை நாம் எதுகைக்காகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். (எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கொள்ளைக் கண்டதுண்டு, குதிரையைக் கண்டவர் அரியர்.) எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளிலோ நூற்றுக்கு ஒரு பங்கு கூடக் கொழுப்பில்லை. இருப்பது புரதமும் மாவும். பழமொழி மனிதனைப் பற்றியது. எனினும் இலாயத்துக்கும் பொருந்துகிறது. கொள்ளு உழைக்கும் குதிரையின் தசைக்கு நல்லது. இளைத்த குதிரைக்கு அது மட்டும் போதாது. கொள்ளை வேகவைத்தே இட்ட சென்னை மாகாணத்துக் குதிரைக்காரர் செய்ததும் சரியே. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் பச்சைக் கொள்ளில் உண்டு. வேகும்போது அது அழியும்.

இவ்வழக்கம் பாண்டியரோடு மறையவில்லை. ஒரு குதிரையோடு கப்பலேறித் தக்காணம் வந்த உருசிய வணிகர் அபனாசி நிகித்தின், 1470ஆம் ஆண்டையொட்டிய தம் குறிப்பில், இங்கே குதிரைக்குப் பயறும், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்த கிச்சடியும் கொடுக்கக் கண்டதை எழுதியுள்ளார். எண்ணெய் நன்று, சர்க்கரை வேண்டாதது.

அப்படியானால் குதிரைகள் ஏன் செத்தன? அந்த 40 நாளில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து. பாலை நிலத்தில் ஓடிப் பழகிய விலங்கைப் பல வாரம் கப்பலில் அடைத்துக் கொணர்ந்து, இறங்கியதும் முளையில் கட்டி, நடையின்றிக் கொழுத்த தீனி இட்டால் குடலும் கெடும், குளம்பும் கெடும். பிறகு பழக்காமல் ஏறினால் அது துள்ளாமல் என்ன செய்யும்? நோயறிந்து மருத்துவம் பார்ப்பாரும் இல்லை. குதிரை மருத்துவர் அங்கே செல்ல வணிகர் விடுவதில்லை, குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்று மார்க்கோ போலோவே எழுதுகிறார். இது மெய்யாயின், பழியில் பாதி காயல் துறைக்கு வெளியே சேர வேண்டியது. மீதிப் பாதி நம்முடையதுதான். இவ்வளவு பொன்னைக் கொட்டிய அரசு, மருத்துவரைத் தன் நாட்டிலேயே பயிற்றுவித்திருக்கலாம்.

மாசாய்ப் பக்கம் குதிரை வைத்திருப்போர் மிகச் சிலரே. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த கிராஞ்சித் திடல் நீரிணைக்கு அப்பால் கூப்பிடு தூரம். குதிரையை நேசிக்கும் இளைஞர் யாரேனும் இதைப் படிக்கக்கூடும். அவர்க்காகச் சில சொல்கிறேன். இளைத்த குதிரைக்கு முதலில் பல்லைப் பாருங்கள், குடற்புழுவைப் பாருங்கள். அடுத்தது புல். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 6 முதல் 8 கிலோ வரை வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீராதலின் அதைப்போல் நான்கைந்து மடங்கு. அதன் பின்னரே எண்ணெய். சிறு கரண்டியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றினால் அரை லிட்டர் வரை தாங்கும். சும்மா நிற்கும் குதிரையின் ஒரு நாள் தேவையில் மூன்றிலொரு பங்கை அது நெருங்கும். தவிட்டிலும் எண்ணெய் உண்டு. ஆனால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நம் வெப்ப நாட்டு நேப்பியர்ப் புல்லில் உள்ள ஆக்சலேட்டு, இருக்கும் சுண்ணாம்பையும் உடம்பில் சேரவிடாது கட்டிவிடும். இவ்விரண்டையே நம்பி வளர்த்தால் எலும்பு நலிந்து முகம் வீங்கும். நாள்தோறும் கட்டவிழ்த்து நடத்துங்கள்; முளையில் 40 நாள் வேண்டாம்.