2017 எண்ணூர் எண்ணெய்க் கசிவு

2017 எண்ணூர் எண்ணெய்க் கசிவு என்பது, 2017 சனவரி 28 அன்று சென்னைக்கு வடக்கே எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எரிஎண்ணெய் கலந்த நிகழ்வைக் குறிக்கும். கடல் எண்ணெய்க் கசிவுகளை எதிர்கொள்ள யார் பொறுப்பு, எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்னும் வினாக்களை இந்நிகழ்வு தமிழ்நாட்டில் எழுப்பியது.

நிகழ்வு

அன்று அதிகாலையில், எரிவளியை இறக்கிவிட்டு வெளியேறிய பி. டபிள்யூ. மேப்பிள் என்னும் கப்பலும், பெட்ரோலியப் பொருட்களுடன் துறைமுகத்தை நோக்கி வந்த டான் காஞ்சிபுரம் என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் எண்ணெய் தெற்கு நோக்கிப் பரவி, திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டக் கரைகளில் ஒதுங்கியது. கசிந்த அளவு தொடக்கத்தில் கூறப்பட்டதைவிடப் பல மடங்கு மிகுதி எனப் பின்னர் தெரியவந்தது.

பொறுப்புப் பகிர்வு

இந்தியாவில் 1996 முதல் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் நடைமுறையில் உள்ளது. இதன் ஒருங்கிணைப்பு அமைப்பு இந்தியக் கடலோரக் காவல்படை ஆகும். இத்திட்டம் கசிவுகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது:

* முதல் நிலை: 700 டன் வரை
* இரண்டாம் நிலை: 700 முதல் 10,000 டன் வரை
* மூன்றாம் நிலை: 10,000 டன்னுக்கு மேல்

முதல் நிலைக் கசிவைத் துறைமுகமே தன் கருவிகளைக் கொண்டு எதிர்கொள்ள வேண்டும். கரையில் ஒதுங்கும் எண்ணெயை அகற்றுவது மாநில அரசின் பொறுப்பு. எண்ணூர்க் கசிவு முதல் நிலையைச் சேர்ந்ததே ஆகும். எனவே, மிகச் சிறிய நிலைக்கே போதிய ஆயத்தம் இல்லை என்பதை இது காட்டியது.

துப்புரவுப் பணி

எண்ணெய் பரவுமுன் மிதவைத் தடுப்புகளால் அதனை வளைத்து, உறிஞ்சு கருவிகளால் எடுப்பதே முறை. தடித்த எரிஎண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அலைகளில் நீருடன் கலந்து பருமன் பெருகி, குழம்பாகிவிடும். எர்ணாவூரில் கரைத் தடுப்புக் கற்களுக்கிடையே தேங்கிய இக்குழம்பைக் கழிவுநீர் உறிஞ்சும் ஊர்திகளால் முழுமையாக எடுக்க இயலவில்லை. கடலோரக் காவல்படையினர், மாணவர்கள், மீனவர்கள், தன்னார்வலர்கள் ஆகியோர் வாளிகளால் அள்ளி அகற்றினர். பலரிடம் உரிய காப்புக் கையுறைகளோ முகமூடிகளோ இல்லை.

பாதிப்புகள்

பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவத்தில் இக்கசிவு நிகழ்ந்தது. எண்ணெய் படிந்த ஆமைகளின் உடல்கள் கரையொதுங்கின. மக்கள் மீன் வாங்கத் தயங்கியதால், எண்ணெய் எட்டாத இடங்களில் பிடித்த மீனும் விலைபோகவில்லை.

இழப்பீடு

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் ஏற்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் (2010) இதனை வலியுறுத்துகிறது. எனினும் கசிவின் அளவும் மீனவரின் இழப்பும் உடனுக்குடன் பதிவு செய்யப்படாவிடில், பின்னர் அவற்றை மெய்ப்பிப்பது கடினம்.

பிந்தைய நிகழ்வு

2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அப்போதும் மீனவர்கள் தம் படகுகளில் சென்று கையால் எண்ணெயை அள்ள வேண்டியிருந்தது.

இவற்றையும் பார்க்க

* இந்தியக் கடலோரக் காவல்படை
* கொசத்தலை ஆறு
* பங்குனி ஆமை