மடியில் கிடந்த மூன்று கிலோ

ஜமீன் அரண்மனைக் கூடங்களில் தொங்கும் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். ஜமீன்தார் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவர் மடியில் குறுக்காகவோ முழங்காலில் சாய்ந்தோ ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். நாம் முகத்தைப் பார்க்கிறோம், தலைப்பாகையைப் பார்க்கிறோம், துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. வடக்கே வாசுதேவநல்லூரும் சிவகிரியும் தெற்கே சொக்கம்பட்டியுமாகப் புளியங்குடியைச் சுற்றிய நிலம் முழுவதும் பாளையச் சீமை. இதன் வரலாற்றைக் கோட்டைகளைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதியிருக்கிறார்கள். ஆயுதத்தின் எடையைக் கொண்டும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'துப்பாக்கி' துருக்கிய மூலத்திலிருந்து இந்துஸ்தானி வழியே நம்மிடம் வந்த சொல். வான்சிறப்பில் வள்ளுவர் ஆண்ட 'துப்பாக்கி'க்கும் இதற்கும் தொடர்பில்லை. அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. வகுப்பில் அந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழும், எழட்டும். ஆனால் வந்த பொருளின் உறுப்புகளுக்குத் தமிழர் தம் பெயர்களையே வைத்தனர்: குழல், கட்டை, திரி, குதிரை. கல்லையோ மருந்தையோ அடித்துத் தீயெழுப்பும் உறுப்பைக் குதிரை என்றவன் நல்ல கவிஞனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு முன்னால் வந்து நின்றபோது, மண்கோட்டையைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை. பூலித்தேவர் பணியவில்லை, ஹெரான் திரும்பிச் சென்றார். 1759இல் யூசுப்கான் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். 1761இல்தான் அக்கோட்டைகள் அவர் வசமாயின. பாளையப் படையிடம் திரித்துப்பாக்கிகள் இருந்தன. எனினும் அப்படையின் பெயர்பெற்ற ஆயுதம் நீண்ட ஈட்டி. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் அவ்வீட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள ஈட்டிக்கு முன்னால், கத்தி செருகிய கும்பினித் துப்பாக்கி எட்டாக்கை. அந்தத் துப்பாக்கியோ ஒற்றைக்குழல். ஏறத்தாழ நாலரை கிலோ கனம். குழல் மட்டும் மூன்றடிக்கு மேல்.

1801 மே 24இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, பாளையங்கள் ஜமீன்களாயின. குடகில் நடந்தது வேறு. அங்கே ஆங்கிலேயர் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தனர். சுதந்திரத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. கயில்போத் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குகிறார்கள். ஒரே மலைத்தொடர்தான். எதிர்த்து நின்ற நம் பக்கத்துக்குக் கிடைத்தது 1801இன் பிரகடனம், பிறகு 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அச்சட்டத்தில் ஐரோப்பியருக்கு உரிமம் வேண்டியிருக்கவில்லை, இந்தியருக்கு வேண்டியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு சென்னையில் 1881இல் அச்சாயிற்று. அதே 1881இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலதிபர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், துப்பாக்கியின் வளர்ச்சியைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஒன்று ஆயுதம் பறிக்கப்பட்ட ஒரு நாட்டின் கதையைச் சொல்கிறது, மற்றொன்று ஆயுதம் நேர்த்தி பெற்ற கதையை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர் யாரேனும் உண்டா என்று நான் யோசிப்பதுண்டு.

அந்த நேர்த்தியின் கணக்கு சுவையானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அவ்வளவு உள்விட்டமுள்ள குழல் பன்னிரண்டாம் எண். இருபது உருண்டைகளாக்கினால் 15.6 மில்லிமீட்டர், அது இருபதாம் எண். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். கிரீனர் பெயரால் வழங்கும் விதியொன்று, துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. முப்பது கிராம் ரவை என்றால் துப்பாக்கி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதற்குக் கீழே போனால் தோள் தாங்காது, மேலே போனால் நடப்பவனின் கை தாங்காது. நாலரை கிலோ ஒற்றைக்குழலிலிருந்து மூன்று கிலோ இரட்டைக்குழலுக்கு வந்து சேர்ந்ததில் நல்ல எஃகும், குட்டையான, நுனி நோக்கி மெலியும் குழல்களும், 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்கூடத்து ஆன்சனும் டீலியும் உரிமை பெற்ற, உறுப்புகள் குறைந்த பொறியும் பங்குகொண்டன.

ஆனால் தராசு சொல்லும் எடை பாதிக் கதைதான். குழல்கள் கீலில் மடங்கி வந்து பொருந்தும் இரும்புச் சட்டகம் ஒன்று உண்டு. இரு குழல்களின் அடிப்பகுதி எவ்வளவு அகலமோ, அதற்கேற்ப அதன் அகலம் அமையும். பன்னிரண்டுக்கென்று செய்த சட்டகத்தில் இருபதின் மெல்லிய குழல்களைப் பொருத்தினால், பெயருக்கு இருபது. கையிலோ பன்னிரண்டைப் போலவே கனக்கும். அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனம் இதனாலேயே சட்டகங்களைப் பல அளவுகளில் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டது. லண்டன் சார்லஸ் லங்காஸ்டர் 'பன்னிரண்டு-இருபது' என்ற பெயரில் விற்றது இதன் மறுபக்கம்: பன்னிரண்டின் குழலும் இருபதின் எடையும்.

அதன் பிறகு சமநிலை. நல்ல துப்பாக்கியைக் கீலுக்கு அடியில் ஒற்றை விரலில் ஏந்தினால் அது இருபுறமும் சாயாமல் நிற்கும், அல்லது அதற்கு ஓர் அங்குலம் முன்னே நிற்கும். கனம் இரு கைகளுக்கும் நடுவே திரண்டிருந்தால், மூன்று கிலோ இரண்டரை கிலோ போலத் தோன்றும். கனம் குழல் நுனியிலும் கட்டையின் அடியிலுமாகப் பிரிந்து கிடந்தாலும் துப்பாக்கி விரலில் நிற்கத்தான் செய்யும், ஆனால் பறக்கும் பறவையைத் தொடர்ந்து திரும்ப மறுக்கும். காவடி தூக்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் நடந்து சுடுபவனுக்கானது. நெல்வயல்களுக்கு வலசை வரும் உள்ளானைச் சேற்றில் நடந்து தேடுவது சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்குப் பெருவிருப்பம். புஞ்சையில் கவுதாரி, காடை, முயல். பறவையோடு பெருவிலங்கையும் சுட வேண்டியவருக்காக, 1885இல் ஃபாஸ்பரி காப்புரிமை பெற்ற முறையில், குழல் நுனியில் மட்டும் மரையிட்ட 'பாரடாக்ஸ்' துப்பாக்கியை ஹாலண்டு அண்டு ஹாலண்டு செய்தது; அது கனம் கூடியது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரம் விற்ற பி. ஆர் அண்டு சன்ஸ், தன் பெயர் பொறித்த துப்பாக்கிகளையும் விற்றது.

என்னை உறுத்துவது ஒன்று. அவுன்ஸ் அவுன்ஸாக எடை குறைத்த அந்தத் துப்பாக்கியை நாளெல்லாம் சுமந்தவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் அல்லர். வேட்டைக்குச் சென்ற துரைக்கும் ஜமீன்தாருக்கும் பின்னால் துப்பாக்கி தூக்கி ஒருவர் நடந்தார். பறவை எழும்போது கை மாறும், சுட்டபின் மீண்டும் கை மாறும். உரிமம் ஒருவருக்கு, சுமை மற்றொருவருக்கு. அந்த மற்றொருவர் பாளையக் காலத்தில் திரித்துப்பாக்கியோ ஈட்டியோ ஏந்தியவரின் பேரனாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அவர் கையிலும் ஒரு சமநிலை இருந்தது. இருபதடி ஈட்டியை எந்த இடத்தில் பிடித்தால் நுனி தாழாது என்பதை அறிந்த கை. அந்த அறிவை எந்தக் கிரீனரும் எழுதி வைக்கவில்லை.

1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது, 1972இன் வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மலையடிவாரத்து எலுமிச்சைத் தோட்டக்காரர் இன்று காட்டுப்பன்றியைத் தகரம் தட்டி விரட்டுகிறார். தேர்தல் அறிவிப்பு வந்தால், எஞ்சியிருக்கும் இரட்டைக்குழல்கள் துணிப்பையிலும் தோலுறையிலுமாகக் காவல் நிலையத்துக்குப் போகின்றன. எண்ணைச் சரிபார்த்துச் சுவரோரம் சாத்தி வைக்கிறார்கள்.