சவ்வின் முகம்

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடைவை எடுக்கப் போகிறவர்கள் முந்தானையைப் பார்த்து மட்டும் மயங்கிவிடுவதில்லை. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஒரே நூல், ஒரே நெசவு. ஆனால் ஒரு பக்கந்தான் முகம். காஞ்சியை அடுத்த ஏனாத்தூரில் ஒரு ஹோட்டல் பையன், “ஆர்.ஓ. தண்ணிங்க, தாராளமாக் குடிங்க” என்று டம்ளரை வைத்தான். அந்தத் தண்ணீரை வடிகட்டும் சவ்வுக்கும் இப்படி முகமும் முதுகும் உண்டு. சொல்லலாமென்று பார்த்தேன், அதற்குள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

குடத்தின் வாயில் துணி கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். தூசி நிற்கும், கிருமி நிற்காது. 1884-ல் பிரான்சு தேசத்து ஷாம்பர்லான் மெருகிடாத பீங்கானில் வடிகட்டி செய்து கிருமியையும் நிறுத்தினார். உப்புதான் யாருக்கும் மசியவில்லை. அது தண்ணீரோடு தண்ணீராய்க் கரைந்து கிடக்கிறதே! துளையை நெருக்கினால் உப்பு நிற்கும். தண்ணீரும் ஏறக்குறைய நின்றுவிடும். 1950-களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ரீட் என்பவர் உப்பைத் தடுக்கும் சவ்வைக் காட்டினார். ஆனால் அதில் ஒரு டம்ளர் நிறைவதற்கு ரிஷிகளின் பொறுமை வேண்டும்.

அதே சமயம் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் இதில் இறங்கியிருந்தார்கள். பின்னவர் பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருகிறார் அல்லவா? இந்தியாவிலிருந்து போனவர்தான். கடையில் விற்ற செல்லுலோஸ் அசிடேட் சவ்வை வாங்கி, வெந்நீரிலிட்டுச் சுருங்க வைத்துச் சோதித்தார்கள். ஒரு தடவை உப்பு நின்றது. மறு தடவை அதே ரகச் சவ்வு கையை விரித்துவிட்டது. கடைசியில் பார்த்தால், எந்தப் பக்கத்தை உப்புத் தண்ணீருக்குக் காட்டினார்கள் என்பதுதான் வித்தியாசம்! ஒரு முகத்தில் நெருக்கமான மெல்லிய தோல்; அதன் கீழே பஞ்சு போன்ற உடம்பு. உப்பைத் தடுப்பது தோலின் வேலை. அழுத்தத்தைத் தாங்குவது உடம்பின் வேலை. தோல் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருப்பதால் தண்ணீர் தடையின்றி ஓடுகிறது.

சூட்சுமம் பிடிபட்டதும், அப்படிப்பட்ட சவ்வைத் தாங்களே வார்த்தெடுத்தார்கள். 1960-ல் செய்தி வெளியாயிற்று. 1965-ல் கிணற்று நீர் கரிக்கும் கோலிங்கா என்ற கலிபோர்னியச் சிற்றூர் அதில் வடித்த தண்ணீரைக் குடித்தது. கடல்நீரைச் சென்னைக்குக் குடிநீராக்க மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் ஆலைகள் வந்தன. இன்று சவ்வு செய்யும் சரக்கு வேறு. மேலே தோல், கீழே பஞ்சு என்ற அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

சௌரிராஜன் பிறகு கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குப் போய், அங்கேயும் சவ்வைத்தான் ஆராய்ந்தார். பொறியியல் புத்தகங்களில் ‘லோப்–சௌரிராஜன் சவ்வு’ என்றே பெயர். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் பெட்டியிலோ கம்பெனியின் பெயர் இருக்கிறது. விளம்பரத்தில் நடிகையின் சிரிப்பும் இருக்கிறது. அவர் பெயரை மட்டும் காணோம்.